ஈ உட்காராத மீன்

வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன. பூச்சிக்கு விஷம் தெரியுமா, தெரிந்தால் எப்படித் தெரிகிறது? குளச்சல்காரர் ஒருவர் மீனோடு வந்திருக்கிறார். அவரையே முதலில் கவனிப்போம்.

*

டீச்சர், எங்கள் மாமியார் மீன் வாங்கப் போனால் முதலில் ஈ மொய்க்கிறதா என்றுதான் பார்ப்பார். ஈ இல்லாத மீனில், கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்தை அடித்திருப்பார்களாம். "நமக்குத் தெரியாதது ஈக்குத் தெரியும்" என்பார். போன வாரம் நல்ல அயிலையை இப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். இது சரிதானா?
– இல்லத்தரசி, குளச்சல்

மாமியாரின் ஜாக்கிரதை சரி. சோதனைதான் சரியில்லை.

2018-ல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் போட்ட மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அதற்குப் பிறகு எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் ஈ சாஸ்திரம் நன்றாகவே பரவிவிட்டது. எங்கள் சந்தையில் "பாருங்க டீச்சர், எவ்வளவு ஈ! மருந்தே போடாத மீன்" என்று ஈயைக் காட்டியே வியாபாரம் நடக்கிறது. ஈ மொய்ப்பது விளம்பரமான காலம் இது!

கண்ணைக் கரிக்கிற அளவுக்கு நெடி இருந்தால் ஈ என்ன, நீங்களே அந்தக் கடைப் பக்கம் போக மாட்டீர்கள். சந்தேகமெல்லாம் நெடி தெரியாத அளவில் இருக்கும் ஃபார்மலினைப் பற்றித்தான். அதற்கு ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டு ஈயை ஒழிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். பாலும் தண்ணீரும் கலந்து, அதில் கொஞ்சம் ஃபார்மலின் விட்டு, ஒரு தட்டில் ஊற்றி நடுவில் ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டு வைப்பது. ஈ வரும், ரொட்டியில் உட்காரும், குடிக்கும், செத்துப்போகும். ஃபார்மலினைக் கண்டதும் ஈ ஓடிவிடும் என்றால் இந்த மருந்து எப்படிப் பலித்திருக்கும்? (தயவுசெய்து வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பால் இருக்கிற தட்டைக் குழந்தையும் எடுக்கும், பூனையும் நக்கும்.)

ஈ ருசி பார்ப்பது முதலில் காலால். 1920-களில் அமெரிக்க விலங்கியலாளர் மின்னிச் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து இதைக் காட்டினார். பசித்த பூச்சியின் பாதத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டால் போதும், சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழல் தானாக நீளும். ஈயிலும் இதே கதைதான். பாதத்தில் இருக்கும் நுண்ணிய மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை. அந்தத் துளை வழியாக மூலக்கூறு உள்ளே போய் நரம்பணுவைத் தொடும். ஒரு நரம்பணு இனிப்புக்கு, ஒன்று உப்புக்கு, ஒன்று கசப்புக்கு. கசப்பு நரம்பணு தூண்டப்பட்டால் ஈ வாயை இழுத்துக்கொள்ளும். இதைவிடச் சுவாரசியம், பல கசப்புப் பொருள்கள் பக்கத்தில் இருக்கும் இனிப்பு நரம்பணுவையே ஊமையாக்கிவிடும். சர்க்கரையில் கசப்பைக் கலந்து ஈயை ஏமாற்றுவது அதனால்தான் கஷ்டம்.

மணத்துக்கு உணர்கொம்பு. அங்கிருக்கும் மயிர்களில் நுனியில் ஒரு துளை இல்லை, பக்கமெல்லாம் சல்லடைத் துளை. பழ ஈயிடம் ஒரு விசேஷமான ஏற்பாடு இருப்பதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். மழை பெய்ததும் வருகிற மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளுக்கென்றே ஒரு தனி நரம்புப் பாதை. அந்தப் பாதை தூண்டப்பட்டால், பக்கத்தில் எவ்வளவு நல்ல பழ மணம் வந்தாலும் ஈ விலகிவிடும். அதன் கணக்கில் ஜியோஸ்மின் என்றால் கெட்ட பூஞ்சை, கெட்ட பாக்டீரியா. மட்டிப் பழத்தாரைச் சுற்றிப் பறக்கிற அந்தச் சின்ன ஈக்கு இவ்வளவு நுட்பம்! ஆனால் ஜியோஸ்மினே விஷம் இல்லை. விஷம் இருக்கும் இடத்துக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

மாமியாரிடம் சொல்ல வேண்டியது இதுதான். பூச்சியிடம் இருப்பது விஷத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. எந்த மூலக்கூறுகளோடு அதன் பாட்டன் பூட்டன் கோடிக்கணக்கான வருஷம் பழகியதோ, அவற்றின் பட்டியல் ஒன்று அதன் காலிலும் கொம்பிலும் இருக்கிறது. பட்டியலில் இருப்பதைத் தொட்டால் ஓடும். பட்டியலில் இல்லாதது கொடிய விஷமாக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடும்.

சரி, சில மீனில் ஏன் ஈ இல்லை? ஐஸ் ஒரு காரணம். குளிர்ந்த மீனிலிருந்து வாடை அதிகம் கிளம்பாது. விடியற்காலையில் கரைக்கு வந்த மீனில் ஈ குறைவு, காற்று பலமாக அடிக்கிற கடற்கரையில் இன்னும் குறைவு. ஈயைக் கூப்பிடுவது அழுகல் வாடை. அதனால் ஈ மொய்ப்பதைப் பார்த்து மீன் வாங்கினால், கெடத் தொடங்கிய மீனைத் தேடிப் பிடித்து வாங்குவது போலாகிவிடும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். மீனுக்குரிய வாடையே இல்லாமல் சதை விறைத்துக் கிடந்தால் சந்தேகப்படலாம். ஆனால் உறுதி செய்ய வேதிச் சோதனைதான் வழி. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே சோதனைத் தாள் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மீன்மேல் தாளைத் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்க்க வேண்டும்.

விட்டுவிட்டு வந்த அந்த அயிலைக்காக எனக்கும் வருத்தம்தான்.

*

புழு இருக்கிற கத்திரிக்காய் மருந்து அடிக்காத கத்திரிக்காய் என்கிறார்களே?
– பூதப்பாண்டி வாசகர்

அதுவும் ஈ சாஸ்திரத்தின் தம்பிதான். கத்திரிக்காயைத் துளைக்கும் புழு, முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். போன ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். வெளியே தெளிக்கிற மருந்து அதைத் தொடுவதே இல்லை. புழு சாகவில்லை என்று விவசாயி மறுபடி மறுபடி அடிப்பதும் இந்தக் காய்க்குத்தான். புழு இருந்தாலும் கழுவுங்கள், இல்லாவிட்டாலும் கழுவுங்கள்.

*

தோவாளையில் அரளித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடு மாடு வாய் வைக்காத அரளி இலையைக் கட்டை விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு மொட்டையாக்கிவிடுகிறது. முதுகில் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு. அரளி விஷம் அதற்கு மட்டும் தெரியாதா?
– பூ விவசாயி, தோவாளை

அண்ணாச்சி, உங்களுக்கு வந்திருப்பது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. பார்க்க அவ்வளவு அழகு. உங்களுக்கு அழகாகத் தோன்றாது என்பது புரிகிறது.

அரளியில் இருக்கும் ஓலியாண்ட்ரின் போன்ற பொருள்கள் உயிரணுக்களின் சோடியம் பம்ப்பை, அதாவது சோடியத்தை வெளியே தள்ளும் புரதத்தை, அடைக்கும். நம் இதயமும் நரம்பும் ஓடுவது அந்தப் பம்ப்பை நம்பித்தான். பூச்சிக்கும் அதே பம்ப்தான். அதனால் பெரும்பாலான பூச்சிகள் அரளிக் கசப்பு வாயில் பட்டதும் விலகிவிடும். உங்கள் புழு விலகாது. அதன் பம்ப்பும் விஷம் பட்டால் அடைபடக்கூடியதுதான், ஆனால் நரம்பைச் சுற்றி இருக்கும் உறை விஷத்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

எருக்கிலை தின்கிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வேறு வழியில் போனது. அந்த இனத்தில் பம்ப்பின் அமைப்பே மாறிவிட்டது, விஷம் எளிதில் வந்து ஒட்ட முடியாது. அதனால் அது எருக்கின் விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை அதைக் கொத்திய குருவி மறுபடி கொத்தாது. சாலையோர எருக்கில் அது நிதானமாக, அவசரமே இல்லாமல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிதானம் சும்மா வரவில்லை.

இப்படிப் பழகிவிட்ட பூச்சிக்கு, மற்றவர்களை விரட்டுகிற பொருளே விருந்துக்கு அழைப்பாகிவிடும். 1910-ல் ஹாலந்தில் பெர்ஷாஃபெல்ட் என்ற தாவரவியலாளர், முட்டைக்கோஸ் தின்னும் புழு தொடவே தொடாத இலைகளில் கடுகுக் குடும்பச் செடியின் காரச் சாற்றைத் தடவிக் கொடுத்தார். புழு தின்றது. அந்தக் காரம் அந்தச் செடி மற்றப் பூச்சிகளுக்கு எதிராக வைத்திருக்கிற ஆயுதம்!

வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் வெயில் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் முட்டையிட வருகிற பெண் வண்ணத்துப்பூச்சி இலைமேல் முன்னங்காலால் படபடவென்று தட்டும். விளையாட்டு இல்லை. இலையைத் தட்டிக் காலால் ருசி பார்த்து, தன் பிள்ளைக்கு ஏற்ற செடிதானா என்று உறுதி செய்துகொள்கிறது. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துத்தான் இடும். இலைக்கு ஒன்று இரண்டாகத்தான் முட்டை இருக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு, புழுவைக் கையால் பொறுக்குவதுதான் நல்லது. பெரிய புழு, கண்ணுக்குத் தெரியும், கடிக்காது. ஆனால் இலை பறித்த கையோடு வெற்றிலை போடாதீர்கள், அரளிப்பால் நமக்கு ஆகாது.

*

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வாழைத் தோட்டத்தில் மருந்து அடித்தால் என் ஈக்கள் கூட்டமாகச் சாகின்றன. விஷம் என்று தெரிந்து ஒதுங்காதா? வாசனைக்குப் பேர்போன பூச்சிதானே!
– தேனீ வளர்ப்பவர்

இந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுப் பின்பக்கத்திலும் பெட்டிகள் இருக்கின்றன.

வாசனை விஷயத்தில் தேனீ புலிதான். மணம் உணரும் ஏற்பிகள் தேனீயிடம் சுமார் 170, பழ ஈயிடம் 60 சொச்சம். ருசியில் கதை தலைகீழ். பழ ஈயிடம் ருசி ஏற்பிகளுக்கான மரபணுக்கள் சுமார் 60. இத்தாலியத் தேனீயின் மரபணுத் தொகுப்பை 2006-ல் படித்து முடித்தபோது கிடைத்தவை வெறும் 10. கசப்பைப் பிரித்தறிவதில் தேனீ ரொம்பச் சுமார். ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது: இலை தன்னைத் தின்ன வருகிறவனை விரட்டப் பார்க்கும், பூவோ தேனீயை வா வா என்று அழைக்கும். அழைக்கிற வீட்டில் சோற்றைச் சந்தேகப்பட்டுக்கொண்டா இருப்பார்கள்?

அந்த நம்பிக்கைதான் இப்போது வினையாகிறது. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற மருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்துவிடும். 2015-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனீக்கும் பம்பிள் தேனீக்கும் இரண்டு குழாய்களில் சர்க்கரைப் பாகு வைத்தார்கள். ஒன்றில் மட்டும் மருந்து. வாயிலுள்ள ருசி நரம்புகளில் மின் அலையைப் பதிவு செய்தும் பார்த்தார்கள். மருந்தின் ருசி நரம்புக்குத் தெரியவே இல்லை. ஒதுங்குவதை விடுங்கள், இமிடாகுளோபிரிட்டும் தயாமீத்தாக்சமும் கலந்த பாகைத்தான் அவை அதிகம் விரும்பின. புகையிலை நிக்கோட்டின் போல மூளையில் போய் வேலை செய்கிற மருந்து இது, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிரில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது.

விரட்டும் வாசனை எதையாவது கலந்து அடிக்கச் சொல்லலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கவனம். கொசுவுக்கு ஆகாது என்று நாம் ஜன்னலில் பூசுகிற புல்தைலத்தில் சிட்ரால் இருக்கிறது. தேனீ வழி தவறிய தன் கூட்டாளிகளைக் கூப்பிடப் பின்பக்கத்தைத் தூக்கி விசிறும் மணத்திலும் அதே சிட்ரால். பறந்துபோன கூட்டத்தைக் காலிப் பெட்டிக்கு இழுக்க அந்தத் தைலத்தைத் தடவுகிறவர்கள் நம் ஊரிலேயே உண்டு. நான் கொசுவுக்காகத் திண்ணையில் தைலம் தேய்த்தால் வீட்டுப் பின்பக்கப் பெட்டிகளிலிருந்து இரண்டொரு தேனீ வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஒருவனை விரட்டும் மணம் இன்னொருவனுக்கு அழைப்பு. வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதே என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். கொட்டிய தேனீ விடும் அபாய மணத்தில் முக்கியமான பொருளுக்கு வாழைப்பழ வாசனை.

செய்யக்கூடியது, பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசுவதுதான். பூ விட்டிருக்கும்போது அடிக்க வேண்டாம், அடித்தே ஆக வேண்டும் என்றால் ஈ வீடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிக்கட்டும். முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள், பெட்டி வாசலைச் சல்லடைத் துணியால் கட்டி, நிழலில் வைத்து, உள்ளே தண்ணீர் கொடுத்துவிடலாம். ரப்பர் துளிர் விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கிற ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தப் பேச்சு கட்டாயம். நம் வருஷ வருமானமே அந்தச் சில வாரங்களில் இருக்கிறது.

*

தென்னங்குருத்தில் கொம்பன் வண்டு துளைக்கிறது. வேப்பங்கொட்டைத் தூள் போட்டால் எந்தப் பூச்சியும் வராது என்கிறார்கள். உண்மையா?
– ஈத்தாமொழி வாசகர்

"எந்தப் பூச்சியும்" என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் தின்று தீர்த்தபோது வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். 1960-களின் தொடக்கத்தில் டெல்லி ஆய்வாளர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து வெட்டுக்கிளியை வாய் வைக்க விடாமல் செய்தார்கள். காரணம் அசாடிராக்டின். பாலைவன வெட்டுக்கிளியின் வாய் அதை மிக மிகக் குறைந்த அளவிலேயே உணரும். வேறு பல பூச்சிகளுக்கு அந்த உணர்வு குறைவு, அவை தின்றுவிட்டுப் பிறகு தோலுரிக்க முடியாமல் சாகும். முந்திரிக்காரர்களுக்குத் தெரிந்த தேயிலைக் கொசுவோ (பேர்தான் கொசு, செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) வேப்பங்கொழுந்தையே உறிஞ்சிக் கருக வைக்கும்.

கொம்பன் வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். மழையில் கரையும், வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். வண்டு பெருகுவது எருக்குழியில். அதைக் கிளறிப் புழுவை எடுக்காமல் மரத்தில் மட்டும் தூள் போடுவது வீண்வேலை.

சிவப்புக் கூன்வண்டு காயத்திலிருந்து வரும் வாடையை மோப்பம் பிடித்து வரும். அதனால் பச்சை மட்டையை வெட்டினால் தண்டை ஒட்டி வெட்டாமல் 4 அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டவே கூடாது.

*

சாக்பீஸால் இழுத்த கோட்டை எறும்பு தாண்டாதது மருந்தாலா?
– அருமனை வாசகி

பாதி. எறும்பு சாக்பீஸில் நரம்பைத் தாக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கிறது, கால் வழியாக ஏறும். ஆனால் பள்ளிக்கூட சாக்பீஸ் கோட்டில்கூட எறும்பு தயங்கும், முன்னால் போனது விட்ட வாசனைத் தடம் அங்கே அறுந்துபோவதால். மருந்துச் சாக்பீஸைக் குழந்தை சிலேட்டுக் குச்சி என்று எடுத்துவிடும், உயரத்தில் வையுங்கள்.

*

டீச்சர், எங்கள் வீட்டில் கரப்பானுக்கு வைத்த இனிப்பு மருந்தை முதலில் தின்றது, இப்போது தொடுவதே இல்லை. அதற்குப் புத்தி வந்துவிட்டதா?
– 9-ம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

மக்கா, உன் கேள்விதான் இந்த மாதம் முதல் பரிசுக்குரியது.

அமெரிக்காவில் இதே புகார் வந்தது. சமையலறையில் ஓடும் சின்னக் கரப்பான், அதாவது ஜெர்மன் கரப்பான், குளுக்கோஸ் கலந்த மருந்தை ஒதுக்க ஆரம்பித்தது. 1993-ல் அது பரம்பரையாக வருகிற குணம் என்று தெரிந்தது. காரணம் 2013-ல் தெரிந்தது. அந்தக் கரப்பான்களின் வாயில், கசப்புக்கான நரம்பணு குளுக்கோஸுக்கும் துடிக்கிறது. குளுக்கோஸ் அவற்றுக்குக் கசக்கிறது! முன்பே எங்கோ சில கரப்பானுக்கு இந்தக் கோளாறு இருந்திருக்கும், சாதாரண வீட்டில் அது நஷ்டம். மருந்து வைத்த வீட்டில் இனிப்பை விரும்பியதெல்லாம் செத்தது, கோளாறு உள்ளது பிழைத்துப் பிள்ளை பெற்றது. எந்தக் கரப்பானும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இதை உன் அறிவியல் ஆசிரியரிடம் சொல், இயற்கைத் தேர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் வீட்டுக் கரப்பான் அந்த வகைதானா, அல்லது மருந்து காய்ந்து மணம் போய்விட்டதா என்பதை நீயே சோதிக்கலாம். அப்பாவிடம் சொல்லி இனிப்பு வேறாக இருக்கும் புது மருந்து ஒன்றை வாங்கி, பழையதையும் புதிதாக வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நீ கையால் தொடாதே, பெரியவர்கள் வைக்கட்டும்.

கொசு விஷயம் வேறு. அதற்கு நிஜமாகவே பாடம் ஏறுகிறது. சாகாத அளவில் ஒரே ஒரு தடவை மருந்து பட்ட டெங்கு கொசுவும் வீட்டுக் கொசுவும் அடுத்த தடவை அந்த மருந்தை விட்டு விலகுவதாக 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. கையில் தடவுகிற டீட் மருந்தையும் டெங்கு கொசு மூக்கால் மட்டும் அறிவதில்லை. மோப்பம் கெட்ட கொசுகூட வந்து தோலில் கால் வைத்ததும் எழுந்து போய்விடுவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள், காலுக்கு டீட் தெரிகிறது. அதனால் தடவும்போது விட்டு விட்டுத் தடவாதே. தடவாத இடத்தில் கால் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, கடிக்கும்.